மின்தடைக் கண்காணிப்போடு மூன்று வருடம்: சிவப்பு, பச்சை, அப்புறம் சாம்பல்

ஒரு மின்விநியோக நிறுவனத்துக்கு மின்தடைக் கண்காணிப்பும் எச்சரிக்கையும் அமைத்த குழுவில் நானும் இருந்தேன். அது ஓட ஆரம்பித்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. ஆறாவது மாதத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இது பாராட்டுப் பத்திரமாக வந்திருக்கும். நல்லவேளை, எழுதவில்லை.

அதற்கு முன்பு எங்களுக்குத் தகவல் சொன்னது தொலைபேசி மட்டும்தான். கரண்ட் போனால் மக்கள் கூப்பிடுவார்கள், எங்கிருந்து அழைப்புகள் குவிகின்றனவோ அந்தப் பக்கம் லைன்மேனை அனுப்புவோம். நடுராத்திரியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் ஃபியூஸ் போனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். விடிந்து யாராவது தண்ணீர் மோட்டார் போடப் போகும்போதுதான் எங்களுக்கே தெரியவரும்.

இப்போது தகவல் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. துணைமின்நிலையத்தில் பிரேக்கரும் (லைனைத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்ச்) ரிலேயும் (பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) என்ன நிலையில் இருக்கின்றன என்பதை அங்குள்ள ஆர்டியு என்ற தகவல் பெட்டி, டிஎன்பி3 என்ற தகவல்தொடர்பு நெறிமுறை வழியாக, ஸ்காடா என்ற மையக் கட்டுப்பாட்டு அமைப்புக்குச் சொல்லும். பீடரின் (துணைமின்நிலையத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மர்களுக்குப் போகும் லைன்) நடுவில் மாட்டியிருக்கும் ஃபால்ட் இண்டிகேட்டர்கள், பழுது மின்னோட்டம் தங்களைத் தாண்டிப் போனால் விளக்கை மினுக்கி ஒரு செய்தியும் அனுப்பும். கடைசியில் வீட்டு ஸ்மார்ட் மீட்டர்கள். எந்த மீட்டர் எந்த டிரான்ஸ்ஃபார்மரில், அது எந்த பீடரில் என்ற வரைபடத்தோடு இவற்றைப் பொருத்தி, எச்சரிக்கை அனுப்பும் வேலையைப் புரோமிதியஸ், அலெர்ட்மேனேஜர் என்ற இரண்டு திறந்த மூல மென்பொருள்களிடம் விட்டோம். ஸ்காடாவில் கை வைக்கவில்லை, அதிலிருந்து தகவல் ஒருவழியாக வெளியே மட்டும் வரும். இந்த ஒரு விஷயத்தில் முதல் நாளிலேயே சரியாக இருந்தோம்.

மற்ற எல்லாவற்றிலும் அடி வாங்கினோம். முதல் அடி நிறத்தில் விழுந்தது. திரையை வடிவமைத்தவர் மென்பொருள்காரர், எல்லாம் நன்றாக இருந்தால் பச்சை, கெட்டால் சிவப்பு என்று வைத்துவிட்டார். துணைமின்நிலையப் பேனல்களில் வழக்கம் பெரும்பாலும் நேர்மாறானது. சிவப்பு விளக்கு எரிந்தால் பிரேக்கர் மூடியிருக்கிறது, லைனில் கரண்ட் இருக்கிறது என்று பொருள். பச்சை என்றால் திறந்திருக்கிறது. இருபது வருடம் பேனலைப் பார்த்துப் பழகிய ஆபரேட்டர் எங்கள் திரையைப் பார்த்ததும், "என்ன சார், எல்லா பீடரும் ஆஃப்பா?" என்று கேட்டார். நிறத்தை அன்றே மாற்றினோம்.

அதைவிடப் பெரிய பிழை முதல் பெரிய காற்றுமழையில் தெரிந்தது. ஒரு துணைமின்நிலையப் பகுதி முழுக்க இருட்டு, அழைப்புகள் கொட்டுகின்றன. எங்கள் திரையிலோ அந்த பீடர்கள் எல்லாம் கரண்டோடு ஜம்மென்று இருந்தன. நடந்தது இதுதான்: ஆர்டியுவின் மோடம் பேட்டரி கெட்டுப்போயிருந்தது. கரண்ட் போன அதே நொடியில் மோடமும் செத்துவிட்டது, பிரேக்கர் திறந்த செய்தி வெளியே வரவே இல்லை. மென்பொருள் கடைசியாகத் தனக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டிஎன்பி3-இல் ஒவ்வொரு மதிப்போடும் அதை நம்பலாமா என்று சொல்லும் தரக்குறி ஒன்றைச் சேர்த்து அனுப்ப முடியும், தொடர்பு அறுந்தால் அதைக் காட்டவும் அதில் இடம் உண்டு. நாங்கள் மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு குறியைக் கழித்துவிட்டிருந்தோம்.

அப்போதுதான் மூன்றாவது நிறம் வந்தது. இருக்கிறது, இல்லை, தெரியாது. தெரியாததற்குச் சாம்பல். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓர் இடத்திலிருந்து உயிர்த்துடிப்புச் செய்தி வராவிட்டால் அது சாம்பலாகும், அதற்கென்று தனி எச்சரிக்கையும் போகும். இந்த மூன்று வருடத்தில் செய்த மாற்றங்களில் எதற்கு அதிக மதிப்பு என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். (எங்கள் கண்காணிப்பு சர்வருக்கு யுபிஎஸ் இருந்தது. அதை வலையோடு இணைக்கும் ஸ்விட்ச் மட்டும் சாதாரண பிளக்கில் செருகியிருந்தது. அதை நாங்கள் கண்டுபிடித்த விதத்தை நீங்களே ஊகிக்கலாம்.)

மீட்டர்களுக்கு வருகிறேன். கரண்ட் போனதும் மீட்டர் தன் சூப்பர் கெபாசிட்டரில் (கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) மிச்சமிருக்கும் தெம்பில் ஒரு கடைசிச் செய்தி அனுப்பும். தொழிலில் இதைக் கடைசி மூச்சு என்போம். விற்பனை விளக்கத்தில் கேட்கும்போது அற்புதமாக இருக்கும். உண்மையில் ஒரு பீடர் விழுந்தால் ஆயிரக்கணக்கான மீட்டர்கள் ஒரே நேரத்தில் கத்தும், ரேடியோவில் ஒன்றோடு ஒன்று மோதிப் பல செய்திகள் காணாமல் போகும். எல்லாம் வந்துசேரும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். எங்களுக்குக் கைகொடுத்த விதி எளிமையானது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர்கள் சொன்னாலே அது டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று எடுத்துக்கொள்வது, ஒன்று மட்டும் சொன்னால் அந்த வீட்டு சர்வீஸ் வயரைச் சந்தேகிப்பது, ஒரே கிளைலைனில் பல டிரான்ஸ்ஃபார்மர்கள் விழுந்தால் கிளையின் தலையில் இருக்கும் ஃபியூஸுக்கு ஆள் அனுப்புவது.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. உயர் அழுத்தப் பக்கம் டெல்டா, தாழ் அழுத்தப் பக்கம் ஸ்டார் என்று (மூன்று ஃபேஸ் சுற்றுகளை இணைக்கும் இரண்டு முறைகள் இவை) சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே ஒரு ஃபேஸ் மட்டும் அறுந்தால், கீழே எந்த ஃபேஸும் முழுதாகப் போகாது. ஒன்று சரியாக இருக்கும், மற்ற இரண்டிலும் வோல்டேஜ் ஏறத்தாழ பாதியாகிவிடும். வீட்டில் விளக்கு மங்கலாக அழும், ஃப்ரிட்ஜ் முக்கும், ஆனால் பாதி வோல்டேஜிலும் மீட்டர் உயிரோடு இருந்ததால் கடைசி மூச்சே வராது. திரையைப் பொறுத்தவரை பிரச்சினையே இல்லை. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பல மீட்டர்கள் ஒருசேரக் குறைந்த வோல்டேஜைக் காட்டினால் அதையும் மின்தடை போலவே நடத்த வேண்டும் என்ற விதியைச் சேர்த்த பிறகுதான் இவை எங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன.

எச்சரிக்கைகளின் எண்ணிக்கை இன்னொரு தலைவலி. ஆரம்பத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு குறுஞ்செய்தி போனது. இரண்டாவது வாரம் ஷிப்ட் பொறியாளர் ஒருவர் அந்த ஃபோனை மேஜை டிராயருக்குள் தள்ளி மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அலெர்ட்மேனேஜரில் பீடர் வாரியாகத் தொகுக்கவும், மேலே பிரேக்கர் விழுந்திருந்தால் கீழே வரும் சின்ன எச்சரிக்கைகளை அடக்கவும் வசதி உண்டு. அந்த இரண்டையும் ஒழுங்காக அமைத்ததும் ஒரு பழுதுக்கு ஒரு செய்தி என்ற நிலைக்கு வந்தது. மேல்நிலைக் கம்பிகளில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை தற்காலிகமானவை: கிளை உரசும், பறவை மோதும், மின்னல் தாக்கும். ரீக்ளோசர் என்ற தானியங்கி பிரேக்கர் திறந்து சில நொடிகளில் தானே மூடிக்கொள்ளும். மின்தடைகளைக் கணக்கிடும் ஐட்ரிபிள்ஈ 1366 தரநிலையும் 5 நிமிடத்தைத் தாண்டினால்தான் அதை நீடித்த மின்தடையாகக் கணக்கில் எடுக்கும். எனவே கட்டுப்பாட்டு அறைக்கு உடனே, வாடிக்கையாளருக்கு 5 நிமிடம் கழித்து என்று பிரித்தோம். அந்தச் சில நொடித் தடைகளைத் தூக்கி எறியவில்லை. காற்றடிக்கும் நாளெல்லாம் ஒரு பீடர் கண் சிமிட்டினால் அங்கே ஏதோ ஒரு மரம் கம்பியைத் தொடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். மரம் வெட்டும் குழுவுக்கு இப்போது இந்தப் பட்டியல்தான் போகிறது.

வாடிக்கையாளரிடம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு ஒரு காரணத்துக்காக. பீடர் பிரேக்கர் மூடியதும் "மின்சாரம் திரும்பிவிட்டது" என்று அந்த பீடர் முழுக்கக் குறுஞ்செய்தி பறக்கும். ஆனால் அதே பழுதில் உள்ளே ஒரு கிளை ஃபியூஸும் போயிருந்தால் அந்தக் கிளையில் இருப்பவர்கள் இருட்டில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படிப்பார்கள். கரண்ட் போனதைக்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள். இப்போது பீடர் வந்ததும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் சில மீட்டர்களைத் தட்டிக் கேட்கிறோம். பதில் வந்த இடத்துக்கு மட்டும் செய்தி. பதில் வராத இடம் சாம்பல், அங்கே ஆள் போகும். லைன்மேன் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு திரும்பக் கூப்பிடும் நிலை இதனால் நன்றாகவே குறைந்தது.

மேலதிகாரிகளுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. ஒரு வாடிக்கையாளர் சராசரியாக எத்தனை நிமிடம் கரண்ட் இல்லாமல் இருந்தார் என்று சொல்லும் சாய்டி குறியீடு, இவ்வளவு செலவு செய்த பிறகு ஏறியிருந்தது. முன்பு அழைப்பு வந்த நேரத்திலிருந்துதான் மின்தடை ஆரம்பித்ததாக எழுதுவோம், யாரும் கூப்பிடாத தடைகள் ஏட்டிலேயே ஏறாது. இப்போது நொடி தப்பாமல் பதிவாகிறது. இதைப் புரியவைக்க இரண்டு கூட்டம் பிடித்தது. உங்கள் நிறுவனத்தில் இதை அமைக்கப் போகிறீர்கள் என்றால் எண் ஏறும் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரையில் லைன் செத்திருக்கிறது என்று காட்டுவதை நம்பி யாரும் கம்பத்தில் ஏறக்கூடாது. யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டர் பின்பக்கமாகக் கரண்ட் தள்ளிக்கொண்டிருக்கலாம். சோதித்து, எர்த் போட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். எங்கள் திரையின் அடியில் இதை நிரந்தரமாக எழுதியே வைத்திருக்கிறோம்.

இன்றுவரை தீராதது வரைபடம். அவசரத்தில் ஜம்பர் (லைன்களை இணைக்கும் துண்டுக் கம்பி) மாற்றி ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பக்கத்து பீடரில் தூக்கிக் கட்டுவார்கள், ஏட்டில் யாரும் மாற்ற மாட்டார்கள். ஒரு மாதம் கழித்து அந்த பீடர் விழும்போது, மென்பொருள் சம்பந்தமில்லாத இடத்துக்கு ஆளை அனுப்பும். மாற்றியதும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னோம், மழையில் நனைந்தபடி வேலை செய்பவரிடம் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். இப்போது மீட்டர்களின் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைப் பக்கத்து மீட்டர்களோடு ஒப்பிட்டு, எது இடம் மாறியிருக்கலாம் என்று வாரத்துக்கு ஒரு பட்டியல் எடுக்கிறோம். அதில் வருபவை எல்லாம் வரைபடத்தில் சாம்பலாக மாறும். போன வாரப் பட்டியலைச் சரிபார்க்க இன்னும் யாரும் போகவில்லை.