ஒரே கம்ப்யூட்டர், மூன்று பேர்: ஐந்து வருட உபுண்டு

ரங்கூனில் அனோரத்தா சாலைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன பிரிண்டிங் கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், போட்டோகாப்பி. 4 ஜிபி ரேம் உள்ள ஒரே கம்ப்யூட்டரில் நான், தம்பி, கடைப்பையன் மூன்று பேரும் வேலை பார்க்கிறோம். அதில் உபுண்டு (கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு இலவச லினக்ஸ் மென்பொருள்) 20.04 பதிப்பைப் போட்ட அன்றே ஆளுக்கொரு கணக்கு தொடங்கினேன். அதற்காக வருத்தப்பட்டதில்லை, திட்டியிருக்கிறேன்.

அதிகம் திட்டு வாங்கியது பென் டிரைவ். தம்பியின் கணக்கில் சொருகியதை அப்படியே விட்டுவிட்டு அவன் சாப்பிடப் போவான். நான் என் கணக்குக்கு மாறுவேன். டிரைவில் விளக்கு மின்னும், திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். வாடிக்கையாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். யாருடைய செஷனில், அதாவது யார் உள்நுழைந்து வேலை பார்க்கும்போது சொருகுகிறோமோ அவர் பெயரில்தான் டிரைவ் திறக்கும், அடுத்தவருக்குக் கதவு அடைப்பு. சரி, அது நியாயம்தான். தம்பி பக்கம் போய் எஜெக்ட் செய்து, என் பக்கம் வந்து மறுபடி சொருகுவேன்.

பொது வேலைக்கு ‘கடை’ என்று ஒரு குழு, அதற்கு 2775 அனுமதியில் ஒரு ஃபோல்டர். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் எண் அது; இதில் குழுவில் உள்ளவர்கள் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும். முன்னால் உள்ள அந்த 2 இருந்தால், உள்ளே புதிதாக உருவாகும் ஃபைல் தானாகக் கடைக் குழுவுக்குச் சேரும். பையனைக் குழுவில் சேர்த்த அன்று, “அண்ணே, இன்னும் எனக்கு சேவ் ஆகலையே” என்றான். அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். யார் எந்தக் குழு என்ற விவரம் உள்நுழையும்போதே எடுக்கப்படுகிறது. முழுக்க லாக் அவுட் செய்து வந்தால்தான் புதுக் குழு ஒட்டும்.

அப்புறம் ஒரு விசித்திரம். தம்பி தன் ஃபோல்டரிலிருந்து ஒரு பத்திரிகையைக் கட் செய்து பொதுவில் ஒட்டினான். காப்பி செய்திருந்தால் கடைக் குழு வந்திருக்கும். நகர்த்தியதால் அவன் கணக்கின் சொந்தக் குழுவே ஒட்டிக்கொண்டது. என்னால் திறக்க முடிந்தது, திருத்த முடியவில்லை. ஆனால் பையன் அதைத் தவறுதலாக அழித்தே விட்டான்! அழிப்பதற்கு ஃபைலின் அனுமதியை யாரும் கேட்பதில்லை, அது இருக்கும் ஃபோல்டரில் எழுத அனுமதி உண்டா என்றுதான் பார்க்கிறது. பத்திரிகையை ராத்திரி உட்கார்ந்து மறுபடி அடித்தோம். மறுநாளே ஃபோல்டரின் அனுமதியை 3775 ஆக்கினேன். இப்போது அவரவர் ஃபைலை அவரவர்தான் அழிக்கலாம். ஃபோல்டருக்குச் சொந்தக்காரன் என்பதால் எனக்கு மட்டும் விலக்கு.

20.04-இல் எங்கள் ஹோம் ஃபோல்டர்கள், அதாவது அவரவர் சொந்த ஃபோல்டர்கள், 755 அனுமதியில் இருந்தன. தம்பியின் கடன் கணக்கைப் பையன் படிக்கலாம். 21.04 பதிப்பு முதல் புதுக் கணக்குகளுக்கு 750 வருகிறது, அடுத்தவர் படிக்க முடியாது. 22.04-க்கு மாறியபோது பழைய ஃபோல்டர்கள் அப்படியே கிடந்தன, கையால்தான் மாற்றினேன்.

இன்றுவரை தீராதது ரேம். ‘ஸ்விட்ச் யூசர்’ கொடுத்தால் பழைய செஷன் மூடுவதில்லை, பின்னால் பிரவுசரோடு ஓடிக்கொண்டே இருக்கும். மத்தியானம் மூன்று செஷனும் திறந்திருந்தால் மவுஸே தவழும். ‘லாகின்சிடிஎல்’ (loginctl) கட்டளையில் யார் யார் உள்ளே என்று பார்த்து, சேவ் செய்தார்களா என்று கேட்டுவிட்டு அங்கேயே மூடுகிறேன். கரண்ட் போகும் நாளில் அந்த வேலையும் மிச்சம், மூன்றும் ஒன்றாக மூடிவிடும். கேட்காமல்.