கழிவுநீர்த் தொட்டிக்கு எபாக்சி அடிக்கக் கொடுக்கும் முன்

புதுச்சேரியில் எங்கள் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்கும் மேன்ஹோல்களுக்கும் ‘ஆசிட் தாங்கும் எபாக்சி (பிசின் பூச்சு), பத்து வருஷ கேரண்டி’ என்று பணம் வாங்கிய காண்ட்ராக்டரின் வேலை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பூச்சு பாளம் பாளமாக உரிந்து தொங்குகிறது. உரிந்த துண்டின் கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பின்பக்கம் முழுக்க வெள்ளைச் சேறு. திருப்புளியால் சுவரைக் கீறினால் ஜல்லி உதிர்கிறது.

அந்தச் சேறு ஜிப்சம், அதாவது அமிலம் அரித்த கான்கிரீட்டின் மிச்சம். தேங்கிய சாக்கடையின் அடிப்படலத்தில், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக்கும். கடலோரத்தில் உப்புநீர் உள்ளே கசிந்தால் சல்பேட் இன்னும் கூடும். வாயு மேலேறி ஈரச் சுவரில் படிந்ததும் வேறொரு பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். புதுக் கான்கிரீட்டின் பி.எச். (அமில-கார அளவு; குறைந்தால் அமிலம்) 12க்கு மேல், அரித்த இடத்தில் 2க்கும் கீழே இறங்கிவிடும். அரிப்பெல்லாம் நீர்மட்டத்துக்கு மேலேதான். தொட்டியின் அடியில் டார்ச் அடித்து, “பாருங்க சார், கான்கிரீட் கல்லு மாதிரி இருக்கு” என்று காட்டினால் நம்பாதீர்கள். மூடியின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

“சல்பேட் தாங்கும் சிமெண்ட்ல பூசிட்டோம்” என்பதும் ஏமாற்றுதான். அந்தச் சிமெண்ட் சல்பேட்டைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. கால்சியம் அலுமினேட் சிமெண்ட் அதைவிட நன்றாக அமிலத்தைத் தாங்கும்.

எங்கள் தொட்டியில் ஜிப்சத்தின் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். முறையான வேலை என்றால், உயர் அழுத்த நீர் ஜெட்டால் கெட்டிக் கான்கிரீட் தெரியும்வரை செதுக்க வேண்டும். செதுக்கிய புது முகத்தில் பினாப்தலின் (காரம் பட்டால் நிறம் மாறும் திரவம்) தெளித்தால் நல்ல இளஞ்சிவப்பு வர வேண்டும். வராத இடத்தில் இன்னும் செதுக்க வேண்டும். கசிவுகளை அடைத்து, மார்ட்டரால் சமன் செய்து, உலரவிட்ட பிறகு 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் சாதாரண எபாக்சி அங்கே ஒட்டாது. சாக்கடைப் பூச்சுக்கு 2 முதல் 3 மி.மீ. கனம் வேண்டும்.

உள்ளே இறக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு வாயு மீட்டரும் தரவில்லை, பாதுகாப்புக் கயிறும் தரவில்லை. இதுதான் எங்களுக்குப் பெரிய ஆத்திரம். 2024 ஜூனில் ரெட்டியார்பாளையத்தில் சாக்கடை வாயு வீட்டுக் கழிவறை வழியாக ஏறி மூன்று உயிர்களைக் குடித்த ஊர் இது. வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் இல்லை என்று இறக்கிவிடாதீர்கள்.

செதுக்கிய சுவரின் படம், பினாப்தலின் சோதனையின் படம், பூச்சு எத்தனை மி.மீ. கனம் என்ற அளவு, நுண்துளை கண்டுபிடிக்கும் ஸ்பார்க் சோதனையின் முடிவு, இந்த நான்கையும் ஒர்க் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். அவை கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.