ஸ்விங் இன்புட்மேப், ஆக்ஷன்மேப்: நம்ம அனுபவம்

ஜாவாவுல விண்டோ, பட்டன் எல்லாம் செய்யற ஸ்விங் லைப்ரரில ஒரு ஃபார்ம் எழுதிட்டு இருந்தேன், பதினாலு டெக்ஸ்ட் ஃபீல்டு, எல்லாத்துலயும் கண்ட்ரோல் டி அடிச்சா மொத்தமா அழியணும். மொதல்ல லூப் போட்டு ஒவ்வொண்ணுக்கும் கீ லிசனர் (கீ அடிக்கறத கவனிக்கற கோடு) ஒட்டினேன், பார்க்கவே சகிக்கல.

அப்புறம்தான் ஜாவா 1.3ல வந்த இன்புட்மேப், ஆக்ஷன்மேப் பக்கம் போனேன். செம டிசைன்ங்க, இன்புட்மேப்ல கீக்கு ஒரு பேரு, ஆக்ஷன்மேப்ல அந்த பேருக்கு ஒரு வேலைன்னு பிரிச்சு வச்சிருக்காங்க, வேலைய டெக்ஸ்ட்ஆக்ஷன்ங்கற ரெடிமேட் கிளாஸ்ல இருந்து எழுதிட்டா கெட்டெக்ஸ்ட்காம்பொனென்ட்னு கேட்டாலே எந்த ஃபீல்டுல இருந்து வந்துச்சோ அத கையில குடுத்துடும், அதனால ஒரே ஆக்ஷன் எல்லாத்துக்கும் போதும்.

ஆனா ஒரு குழி இருக்கு. எல்லா ஃபீல்டுக்கும் பொதுவா நம்ம செஞ்ச மேப்ப ஃபீல்டு மேப்போட பேரன்ட்டா (தன்கிட்ட இல்லாதத ஒரு மேப் அடுத்து தேடற மேப்) நேரா செட் பண்ணேன், காப்பி பேஸ்ட் எல்லாம் செத்துப்போச்சு! ஏன்னா அதெல்லாம் பழைய பேரன்ட்ல இருந்துதான் வருது. பழைய பேரன்ட்ட எடுத்து நம்ம மேப்புக்கு பேரன்ட்டா வச்சுட்டு அப்புறம் நடுவுல சொருகணும், ரெண்டு மேப்புக்குமே. இத கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போச்சு. அஞ்சுக்கு நாலு ஸ்டார்.