மணி ஏன் நாலு தடவை அடிக்குது? ஃபிளாகா, ஆன்கம்ப்ளீட்டா, ரீஸ்டார்ட்டா?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு ஒரு விலைப் பக்கம் செய்து கொடுத்தேன். "இன்றைய விலை" பொத்தானை அமுக்கினால் தராசுத் தட்டு மேலும் கீழும் ஆடும், நடுவில் ஒரு மணி. ஜிஎஸ்ஏபி (வலைப்பக்க அசைவுக்கான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) டைம்லைன், அதாவது அசைவுகளை வரிசைப்படுத்தி ஓட்டும் பட்டியல்; ரிப்பீட் மைனஸ் ஒன்று (முடிவில்லாமல் ஓடு), யோயோ (போன வழியே திரும்பி வா), நடுவில் மணியடிக்க ஒரு call. ஆனால் தட்டு ஒரு தடவை போய் வந்தாலே மணி இரண்டு முறை அடித்தது, பொத்தானை மறுபடி அமுக்கினால் நாலு, அதுவும் ஒன்றாகச் சேராமல் முன்னும் பின்னுமாக. "மல்லி விலை கேட்டா பூசையே நடக்குதே மாப்ள" என்றார் மாமா.

எல்லாரும் முதலில் போடுவது ஃபிளாக், அதாவது ஒரு அடையாளக் குறி: அடித்தாச்சு என்றால் திரும்ப அடிக்காதே. நானும் போட்டேன். மணி அடங்கியது, ஆனால் அடுத்த அமுக்கலுக்கும் சேர்த்தே அடங்கிவிட்டது. தட்டு மட்டும் இன்னும் உதறிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் பழைய டைம்லைனும் புதியதும் ஒரே தட்டைப் பிடித்து இழுக்கின்றன. காய்ச்சலுக்கு மாத்திரை போடாமல் தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை இது.

ஆன்கம்ப்ளீட்டுக்கு மாற்றுவது பரவாயில்லை. டைம்லைனுக்குள் வைத்த கால்பேக் (அந்த call கூப்பிடும் ஃபங்ஷன்), ஓட்டம் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அடிக்கும், யோயோவில் திரும்பி வரும்போதும்தான். ஆன்கம்ப்ளீட்டோ எல்லாச் சுற்றும் முடிந்தபின் ஒரே முறை. ஆனால் மைனஸ் ஒன்றில் முடிவே கிடையாது, மணி அடிக்கவே அடிக்காது! ரிப்பீட்டை 3 ஆக்கினேன். மொத்தம் 4 ஓட்டம், தட்டு கிளம்பின இடத்திலேயே வந்து நிற்கும்.

இதுவும் பாதிதான். அமுக்க அமுக்கப் புதுசு புதுசாக முளைக்கிற டைம்லைனை இது தடுக்காது. என் ஓட்டு ரீஸ்டார்ட்டுக்கு: கிளிக்குக்கு வெளியே, அதே ஆன்கம்ப்ளீட்டோடு, ஒரே டைம்லைனை நிறுத்தி வைத்த நிலையில் செய்து, கிளிக்கில் ரீஸ்டார்ட் (முதலிலிருந்து ஓட்டு) மட்டும். இருப்பதே ஒன்றுதான், சண்டைக்கு ஆளில்லை. ஒவ்வொரு தடவையும் புதுசுதான் வேண்டும் என்றால் முதலில் பழையதைக் கில் (kill) பண்ணி அழித்துவிடுங்கள்.

பக்கத்தை ரியாக்ட் லைப்ரரியில் கட்டி, ரியாக்ட் 18 முதல் டெவலப்மென்ட்டில் மட்டும் இரட்டிப்பாக அடித்தால் யோயோவைத் திட்டாதீர்கள், பிழை பிடிக்க உதவும் ஸ்டிரிக்ட் மோட், எஃபெக்டை (பக்கத்தில் பகுதி வந்ததும் ஓடும் கோடு) இரண்டு முறை ஓட்டுகிறது. எஃபெக்டின் கிளீனப்பில் ஜிஎஸ்ஏபி-யின் ரிவர்ட் (செய்த அசைவை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுபோவது) போட்டால் போதும். லைப்ரரியே வேண்டாம், பிரவுசரின் வெப் அனிமேஷன்ஸ் போதும் என்பவர்களுக்கும் பொறி உண்டு: அசைவு முடிந்ததும் ஓட வேண்டியதை ஆன்ஃபினிஷில் வைத்தால் புதியது பழையதை மாற்றி எழுதும், ஆட்இவென்ட்லிஸனரில் ஒவ்வொரு முறையும் புது ஃபங்ஷனைக் கொடுத்தால் அடுக்கிக்கொண்டே போகும்.

இப்போது மணி ஒரே தடவைதான் அடிக்கிறது. மாமாதான் போனைச் சைலண்டில் வைத்திருக்கிறார்.