எட்டு வாரத்துக்கு முன் குட்டி தராத வீடு

ராஜபாளையம் குட்டி எங்கே வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நிறத்தையும் அப்பன் நாய் வாங்கிய கோப்பைகளையும் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் குட்டி பால் குடித்து வளர்ந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். நாங்கள் வாங்கியது ராஜபாளையம் ஊருக்கு வெளியே, தோப்பை ஒட்டி ஒரு அண்ணாச்சி வீட்டில். இது கடை கிடையாது, அவர்கள் குடியிருக்கும் வீடு, அதனால் பெயரும் முகவரியும் இங்கே போடவில்லை. ஆனால் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், நீங்கள் வேறு எங்கே போனாலும் இதையெல்லாம் கேட்டு வாங்கலாம்.

குட்டிகள் பிறந்து முதல் இரண்டு வாரம் வெளியாள் யாரையும் உள்ளே விடமாட்டார். நாங்கள் கேட்டபோதும் முடியாது என்றுதான் சொன்னார். அது சரிதான். பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது, தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது, தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரமே போகும். அந்த நேரத்தில் தாயை மிரட்டிவிட்டால் எல்லாமே கெட்டுவிடும். பெட்டைக்குத் தனி அறை, தரையில் சாக்கு, அதன்மேல் தினமும் மாற்றும் துணி, சுவரை ஒட்டி ஒரு சாண் உயரத்தில் சுற்றிலும் மூங்கில் கழி. கழி எதற்கு என்றால், தாய் சுவரில் சாய்ந்து படுக்கும்போது நடுவில் குட்டி சிக்கி நசுங்காமல் இருக்க. ஒவ்வொரு குட்டிக்கும் கழுத்தில் ஒரு கலர் நூல், தினமும் சமையல் தராசில் எடை, அதை அந்த வீட்டு அக்கா ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். சுமார் பத்து நாளில் பிறந்த எடை இரண்டு மடங்காக வேண்டும், ஏறாத குட்டியைத்தான் முதலில் கவனிப்போம் என்றார். ஏறாத குட்டியைப் பின்பக்கத்துக் காம்பில் தனியாகப் பிடித்து விடுவார்களே தவிர பசும்பால் ஊட்டுவதில்லை. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், சர்க்கரை குறைவு. பசும்பால் கொடுத்தால் பல குட்டிகளுக்கு வயிற்றால் போகும்.

மூன்றாவது வாரம் தொடங்கினால் அந்த வீடே மாறிவிடுகிறது. கண் திறந்து, காதும் திறந்து, தள்ளாடி நடக்கும் நேரம். குட்டிகளின் படுக்கை அப்படியே அடுப்படிக்குப் பக்கத்துத் தாழ்வாரத்துக்கு வந்துவிடும். குக்கர் விசில், ரேடியோ, மோட்டார் சத்தம், பிள்ளைகள் ஓடுவது எல்லாம் அதன் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள். தினமும் ஒவ்வொரு குட்டியையும் தனியாக எடுத்து, காது, வாய், கால்விரல் எல்லாம் தொட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்து தாயிடம் விடுகிறார்கள். ஒரு நாள் அக்கா, ஒரு நாள் பாட்டி, ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பையன். ஆள் மாற வேண்டும் என்பதில் அண்ணாச்சி கறாராக இருக்கிறார். மணல், சிமெண்ட் தரை, சாக்கு, தகரம் என்று நடக்கும் இடத்தையும் மாற்றி மாற்றி விடுகிறார். குட்டி பயந்தால் தூக்கிக் கொஞ்சுவதில்லை, தானாக எழுந்து வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் பார் ஹார்பர் ஊரிலுள்ள ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்காகக் குட்டிகளைக் கவனித்து, மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் நாய் மற்றவர்களோடு ஒட்டிப் பழகும் காலம் என்று கண்டார்கள். அதே இடத்தில் 1961-இல் வெளியான ஒரு சோதனையில், 14 வாரம் வரை மனிதர் கை படாமல் வளர்ந்த குட்டிகள் அப்புறம் மனிதரோடு சேரவே ரொம்பச் சிரமப்பட்டன. நாம் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும்போது அந்தக் காலத்தில் பாதி போயிருக்கும். அந்தப் பாதியில் குட்டியை வளர்த்தவர் என்ன செய்தார் என்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

ராஜபாளையத்துக்கென்றே ஒரு விஷயம்: பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது இது தெரியாது. ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும். அதனால் இவர்கள் குட்டியைத் தனியே படுக்க வைத்து, தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பார்க்கிறார்கள். எங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டினார்கள். ஒரு காது மட்டும் கேட்காமல் இருந்தால் இதில் பிடிபடாது, அதற்கு மருத்துவமனையில் செய்யும் தனிச் சோதனை வேண்டும். அதை அண்ணாச்சி தானாகவே சொன்னார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

நாலாவது வாரம் பல் முளைத்ததும் கோழிச் சாற்றில் குழைத்த சோறு, ஊறவைத்த குட்டித் தீவனம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கிறார்கள். தாய்க்குக் காம்பில் கீறல் விழாமலிருக்கக் குட்டிகளின் நகமும் வெட்டிவிடுகிறார்கள். பால் மறந்த பிறகும் தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் பிரிப்பதில்லை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவனுக்கு வலிக்கும் என்பதைக் குட்டி அந்த விளையாட்டில்தான் கற்றுக்கொள்கிறது. இரண்டு வாரத்திலிருந்தே குடற்புழு மருந்து, தேதி எல்லாம் அதே நோட்டில் இருக்கிறது.

முப்பது நாள் குட்டி என்று கூவி விற்கிறவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. "இப்போதே எடுத்துட்டுப் போறோம் அண்ணாச்சி, காசு கூடத் தர்றோம்" என்று எங்களுக்கு முன்னால் ஒருவர் எவ்வளவோ கெஞ்சினார், இவர் அசையவில்லை.

குறையும் இருக்கிறது. குட்டி ஒருமுறைகூட வண்டியில் ஏறியதில்லை, ஊர் வரும் வழியெல்லாம் வாந்தி. டைல்ஸ் தரையும் லிஃப்டும் அதற்குப் புதுசு, அடுக்குமாடியில் இருப்பவர்கள் அதைப் பழக்கத் தனியாக மெனக்கெட வேண்டும். மைக்ரோசிப் (நாயை அடையாளம் காணத் தோலுக்கடியில் வைக்கும் சின்னச் சில்லு) போட்டுத் தருவதில்லை, அந்த விதிகளின்படி அதை அவர் செய்தே ஆக வேண்டும். போனையும் பெரும்பாலும் எடுக்கமாட்டார். விலை மற்ற இடங்களைவிடக் கூடுதல்தான். ஆனால் பட்டாசுச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிற, டாக்டர் வாயைத் திறந்து பார்க்க விடுகிற நாய் வேண்டுமென்றால் இது நியாயமான விலை. இன்னொரு குட்டி வாங்கினாலும் அங்கேதான் போவேன்.

அடுத்த ஈத்து எப்போது என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பெட்டைக்கு இந்த வருஷம் ஓய்வு என்று சொல்லிவிட்டார். காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள்.