மோட்டார் ஹோம் ஜெனரேட்டர்: எட்டுக் குளிர்காலங்களின் அனுபவம்

2017ஆம் ஆண்டு வசந்தத்தில் அமெரிக்காவின் மிச்சிகனில் பழைய மோட்டார் ஹோம் ஒன்றை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியை, வாங்கினேன். அதன் பக்கவாட்டுப் பெட்டிக்குள் இருந்த 4000 வாட் பெட்ரோல் ஜெனரேட்டரின் மீட்டர் வெறும் 96 மணி நேரத்தைக் காட்டியது. பதினொரு வயது வண்டிக்கு இது மிகக் குறைந்த ஓட்டம் என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். நானும் மகிழ்ந்து போனேன். இன்று யாராவது அப்படிச் சொன்னால் விலையைக் குறைத்துக் கேட்பேன். ஆண்டுக்கு ஒன்பது மணி நேரம்கூட ஓடவில்லை என்றால், மீதி நாள்களெல்லாம் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கிப் பிசினாக மாறிக்கொண்டிருந்தது என்றுதான் பொருள்.

அந்தக் கோடையிலேயே அது தெரிந்துவிட்டது. இயந்திரம் கிளம்பும், ஆனால் சீராக ஓடாமல் ஏறியும் இறங்கியும் திணறும், ஏசியைப் போட்டால் அணைந்துவிடும். கழற்றிப் பார்த்த மெக்கானிக், கார்புரேட்டரின் நுண்துளை பழுப்பு நிறப் படிவால் அடைபட்டிருந்ததைக் காட்டினார். அமெரிக்க பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் பெரும்பாலும் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். கையில் தூக்கிச் செல்லும் சிறிய ஜெனரேட்டராக இருந்தால் டாங்கைக் காலி செய்துவிடலாம். என்னுடையதோ வண்டியின் 55 கேலன் டாங்கிலிருந்தே பெட்ரோலை எடுத்துக்கொள்கிறது. அதை வடிப்பது நடக்கிற காரியமல்ல. ஆகவே அக்டோபர் இறுதியில் டாங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைப் புட்டியில் குறித்துள்ள அளவில் கலந்து, கால் மணி நேரமாவது ஜெனரேட்டரை ஓட்டுகிறேன். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டாங்கில் ஊற்றிய திரவம் கார்புரேட்டர் வரை போய்ச் சேராவிட்டால் ஊற்றியும் பயனில்லை.

எரிபொருள் தொடர்பாக இன்னொரு செய்தி. ஜெனரேட்டருக்கான உறிஞ்சுகுழாய் டாங்கின் அடிவரை செல்லாது. கால் டாங்க் அளவுக்கு மேலேயே நின்றுவிடும். ஜெனரேட்டர் எல்லாவற்றையும் குடித்துவிட்டு வண்டியை நடுக்காட்டில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இது தெரியாமல், முதல் ஆண்டில் ஒரு நள்ளிரவு அது அணைந்தபோது, ஸ்பார்க் பிளக் முதல் ஃபியூஸ் வரை டார்ச் விளக்கில் சோதித்துக்கொண்டிருந்தேன்.

மாதம் ஒருமுறை ஓட்ட வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எப்படி ஓட்டுவது என்பதில்தான் பிழை நேர்கிறது. ஐந்து நிமிடம் கிளப்பி, சத்தம் கேட்டதும் திருப்தியுடன் அணைப்பது ஓட்டாமல் இருப்பதைவிடக் கெடுதல் என்பது என் கருத்து. எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். அதை விரட்டும் அளவுக்கு இயந்திரம் சூடாவதே இல்லை. திறனில் ஏறக்குறைய பாதிச் சுமையைக் கொடுத்து இரண்டு மணி நேரம் ஓட்டினால்தான் மின்சுருள்களில் ஏறிய ஈரமும் உலரும். கோடையில் கூரை ஏசியே போதிய சுமை. குளிர்ந்த நாள்களில் ஏசியை ஓட்டக் கூடாது என்பதால் 1500 வாட் அறைச் சூடேற்றியையும் பேட்டரி சார்ஜரையும் சேர்த்துப் போடுகிறேன். அணைப்பதற்கு முன் சில நிமிடங்கள் சுமையின்றி ஓடவிட்டு ஆறவைப்பது வழக்கம்.

முதல் இரண்டு குளிர்காலங்களில் பனியை வாரி ஒதுக்கிவிட்டு மாதந்தோறும் ஓட்டினேன். ஜனவரியில் சுழியத்துக்குக் கீழே பதினைந்து பாகை செல்சியஸில் நின்றுகொண்டு இரண்டு மணி நேரம் காவல் காப்பது பக்தி இருந்தால் மட்டுமே கைகூடும். கொட்டகைக்குள் வைத்து ஓட்டலாமே என்ற எண்ணம் வரும். அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூன்றாம் ஆண்டு முதல் குளிர்காலம் முழுவதும் ஓட்டாமல் மூடிவைக்கும் முறைக்கு மாறிவிட்டேன்.

அதற்கான வேலைகளில் ஆயில் மாற்றத்தைத்தான் முதன்மையாகக் கருதுகிறேன். கையேடு 150 மணி நேரத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை என்கிறது; என் ஓட்டம் ஆண்டுக்கு 60 மணியைத் தாண்டுவதில்லை என்பதால் ஆண்டுக் கணக்குதான். அதை வசந்தத்தில் செய்யாமல் இலையுதிர்காலத்தில் செய்கிறேன், ஏனெனில் பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் ஐந்து மாதம் பேரிங்கோடு உறவாடுவதில் எனக்கு விருப்பமில்லை. சூடாக இருக்கும்போதே வடித்தால் கசடும் சேர்ந்து வரும். பிறகு பிளக்கைக் கழற்றி, ஒரு மேசைக்கரண்டி ஆயிலை உள்ளே விட்டு, இயந்திரத்தை ஓரிரு முறை சுழலவைத்து, பிளக்கை மீண்டும் மாட்டிவிடுகிறேன். பேட்டரி வீட்டின் கீழ்த்தளத்துக்குப் போய்விடும். சார்ஜ் இறங்கிய பேட்டரியின் அமிலம் நீர்த்துப்போய், சுழியத்துக்குச் சில பாகைகள் கீழேயே உறைந்து பெட்டியை வெடிக்கச் செய்யும். முழுச் சார்ஜில் இருந்தால் மிச்சிகன் குளிர் அதை ஒன்றும் செய்யாது.

எலிகளை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். 2020 ஏப்ரலில் ஜெனரேட்டர் பெட்டியைத் திறந்தபோது, இயந்திரத்தைக் குளிர்விக்கும் காற்று நுழையும் வழி முழுவதும் புல்லும் இருக்கைப் பஞ்சும் அடைந்திருந்தன. ஏர் ஃபில்டரின் ஒரு மூலையையும் கடித்திருந்தன. அப்படியே கிளப்பியிருந்தால் இயந்திரம் சூடேறிப்போயிருக்கும், பஞ்சு தீப்பிடித்திருந்தாலும் வியப்பில்லை. அன்றிலிருந்து புகைக்குழாய் வாயையும் பெட்டியின் இடைவெளிகளையும் இரும்புக் கம்பிப் பஞ்சால் அடைக்கிறேன். அடைத்ததை மறந்து கிளப்பிவிடாதபடி, ஜெனரேட்டரின் பொத்தான்மேல் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவைப்பது என் மனைவியின் யோசனை.

ஏப்ரலில் துணியை அவிழ்த்து, அடைப்புகளை எடுத்து, புகைக்குழாய் இணைப்புகளை அசைத்துப் பார்த்து, வண்டிக்குள் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் சோதித்த பிறகே பேட்டரியை இணைக்கிறேன். நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எரிபொருள் பம்ப் மட்டும் ஓடும் வசதி இதில் உண்டு; அரை நிமிடம் அப்படிப் பிடித்தால் வறண்ட குழாய்களில் பெட்ரோல் ஏறிவிடும். மீட்டர் இப்போது 540ஐ நெருங்குகிறது. கார்புரேட்டரை அந்த முதல் கோடைக்குப் பிறகு ஒருமுறைகூடக் கழற்றவில்லை.