பெப்பர்டா, பாண்டாவா, ஸ்டெர்பையா?

அலங்கார மீன் கடையில் இந்த மூன்று வகைக் கோரி மீன்களும் அடுத்தடுத்த தொட்டியில்தான் இருக்கும். மூன்றுக்கும் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடு, மூன்றும் மீசையால் மணலைத் துழாவிக்கொண்டே திரியும். "எல்லாம் கோரிதான் சார், ஒரே தண்ணி போதும்" என்பார் கடைக்காரர். தென்னமெரிக்கக் கவசக் கெளுத்திகள் என்ற அளவில் சரி, ஆனால் ஊர் வேறு, ஆறு வேறு.

பெப்பர்ட் கோரி பரானா ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் உருகுவே, தென் பிரேசில் கடலோர ஆறுகளிலும் வாழ்வது. பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் பிடித்து அனுப்பிய மீன்களில் இதுவும் ஒன்று, 1842இல் இயற்கையியலாளர் ஜெனின்ஸ் பெயர் வைத்தார். அங்கே நிஜமான குளிர்காலம் உண்டு. அதனால் 18 முதல் 23 டிகிரி வரை இதற்குச் சுகம். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரை மாற்றி ஊற்றினால் முட்டைகூட இட்டுவிடும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மே மாதம் ஆறு பெப்பர்ட் வாங்கி வந்தேன். தொட்டியில் 31 டிகிரி. கோரிகள் அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்கி, குடல் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அது இயல்புதான்; ஆனால் இவை நிமிஷத்துக்கு நிமிஷம் அம்பு மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தன. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டு ஒரு வாரம் ஓட்டினேன், இரண்டு போய்விட்டன.

ஸ்டெர்பை அப்படியில்லை. பொலிவியா, பிரேசில் எல்லையில் ஓடும் குவாபோரே ஆற்றுப் பக்கத்து வெப்பமண்டல மீன் அது. 24 முதல் 28 வரை வசதி, சூடான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் மீனோடு சேர்த்து வளர்ப்பவர்கள் அதற்கும் மேலேயே வைக்கிறார்கள். பக்கத் துடுப்பின் முள் ஆரஞ்சு நிறம், தலையில் வெள்ளைப் புள்ளி. விலை கூடுதல்தான், ஆனாலும் சென்னை வெயிலுக்கு என் ஓட்டு இதற்கே. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் தாராளமாகப் பெப்பர்ட் வாங்கலாம்.

அப்புறம் பாண்டா. கண்ணில் கறுப்புப் பட்டை, பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். பெரு நாட்டின் உகயாலி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது, ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கும் நீர் கலப்பதால் கொஞ்சம் குளுமை கேட்கும். 22 முதல் 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ராத்திரி மட்டும் ஏசி போடும் அறை என்றால் வாங்காமல் விட்டுவிடுங்கள், பகலில் வெந்து இரவில் நடுங்கும்.